கன்சோலா, கணினியா? மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே சரக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் காஜாங் வட்டாரத்து வீடுகளில் ஒரு பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். செமினி, பாங்கி, பாலக்கோங் என்று எந்தத் தாமானுக்குப் போனாலும் வசனம் ஏறக்குறைய இதுதான்.

"அப்பா, பிஎஸ்5 வேணாம்ப்பா. கம்ப்யூட்டரே வாங்கிக் கொடுங்க. படிச்ச மாதிரியும் ஆச்சு, விளையாடின மாதிரியும் ஆச்சு."

"எவ்வளவுடா ஆகும்?"

"நாலாயிரம் இருந்தா போதும்."

"பிஎஸ்5 அதைவிடக் குறைச்சல்தானே? அதுலயும் இதே கேம்தானே ஓடுது?"

மகன் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா குரல் வரும்: "முதல்ல ரிசல்ட் வரட்டும்."

அம்மாவின் நிபந்தனை இருக்கட்டும். அப்பா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரே விளையாட்டு, ஒரே மாதிரிப் படம். ஒன்று ஒரு விலை, இன்னொன்று அதைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. ஏன்? மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன், கார் கடன் போக மிஞ்சுவதை எடுத்து வாங்குகிற பொருள் இது. இரண்டிலும் உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தது 2020 நவம்பரில். அதன் மூளை ஏ.எம்.டி. நிறுவனம் வடிவமைத்த 8 கருக்கள் கொண்ட செயலி. 'ஸென் 2' என்பது அந்த வடிவமைப்பின் பெயர். அதே காலத்தில் லோ யாட் பிளாசா கடைகளில் விற்ற ரைசன் 3000 வரிசைக் கணினிச் செயலிகளிலும் இதே ஸென் 2தான். படம் வரையும் பகுதியும் ஏ.எம்.டி.யுடையதுதான், நொடிக்கு 10.28 லட்சம் கோடி கணக்குகளைப் போடும். அதற்கு நெருங்கிய உறவு வேண்டுமானால், 2021இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6700 என்ற கிராஃபிக்ஸ் கார்டைச் சொல்லலாம். இரண்டிலும் 36 கணிப்பு அலகுகள். போட்டியாளரான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸைத் திறந்தாலும் அதே ஸென் 2, அதே குடும்பத்துக் கிராஃபிக்ஸ். அலகுகள் மட்டும் 52. இரண்டு பெட்டிகளின் முதன்மைச் சில்லுகளும் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் பிறந்தவை.

ஆக, கன்சோல் என்பது ஒரு கணினி. இதில் மறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் ஒரே அரிசி, ஒரே பருப்பு என்றாலும் பொங்கலும் இட்லியும் ஒன்றாகிவிடாது. சேர்மானத்தில் வித்தியாசம் இருக்கிறது.

முக்கியமான வித்தியாசம் நினைவகத்தில். மேசைக்கணினியில் செயலிக்கு ஒரு ரேம், கிராஃபிக்ஸ் கார்டுக்கு இன்னொரு ரேம். இரண்டு அடுப்படி உள்ள வீடு போல. முன் அடுப்படியில் நறுக்கிய காயைப் பின் அடுப்படிக்குத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பிஎஸ்5இல் 16 ஜிகாபைட் கொண்ட ஒரே அடுப்படி. செயலியும் கிராஃபிக்ஸும் தோளோடு தோள் நின்று ஒரே மேடையில் சமைக்கின்றன. அந்த மேடையின் வேகம் நொடிக்கு 448 ஜிகாபைட். சாதாரண மேசைக்கணினியின் ரேம், டிடிஆர்4 வகையாக இருந்தால், நொடிக்கு 50 ஜிகாபைட் அளவில்தான் நிற்கும். கணினியில் அந்தக் குறையை ஈடுகட்டுவது கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள தனி ரேம். அங்கேதான் சிக்கனம் பிடிக்கிறார்கள். 2023இல் 299 அமெரிக்க டாலருக்கு வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060இல் 8 ஜிகாபைட்தான். கணக்குப் போடும் வேகத்தில் பிஎஸ்5க்குச் சளைக்காத அந்தக் கார்டு, சில புதிய விளையாட்டுகளில் படத்தரத்தை உச்சத்துக்கு ஏற்றினால் இடம் போதாமல் திணறுவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, சேமிப்பகம். பிஎஸ்4இல் இருந்த சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் தந்தாலே பெரிய விஷயம். பிஎஸ்5இன் எஸ்.எஸ்.டி. நொடிக்கு 5.5 ஜிகாபைட் தருகிறது. ஐம்பது மடங்குக்கும் மேல். அதோடு, சுருக்கி வைத்த தரவை விரிப்பதற்கென்றே தனிச் சில்லுப் பகுதி உண்டு. செயலி அந்த வேலைக்குக் கை கொடுக்க வேண்டியதில்லை. கணினியிலும் இன்று இதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. கிடைக்கிறது. ஆனால் எல்லாக் கணினியிலும் அது இருக்கும் என்று விளையாட்டைச் செய்பவர் நம்பிக்கொண்டிருக்க முடியாது. பிஎஸ்5இல் நம்பலாம்.

அந்த நம்பிக்கைதான் கன்சோலின் உண்மையான பலம் என்பது என் எண்ணம். பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பிள்ளைக்கும் ஒரே அளவு என்றால் முன்கூட்டியே வெட்டித் தைத்து மடித்து வைத்துவிடலாம். வந்தவுடன் கொடுத்து அனுப்பலாம். கன்சோல் அப்படி. கணினியில் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு அளவு. அந்தக் கார்டு, இந்தச் செயலி, இன்னொரு டிரைவர். ஒளியும் நிழலும் எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் 'ஷேடர்' எனப்படும் சிறு நிரல்களை, விளையாடுபவரின் கணினியிலேயே, அந்தக் கார்டுக்கு ஏற்றபடி தைத்தாக வேண்டும். சில விளையாட்டுகள் தொடங்குமுன் பத்து நிமிடம் காக்கவைப்பதும், சில விளையாட்டுகள் ஓடும்போதே இடையிடையே விக்குவதும் இதனால்தான். ஐயாயிரம் வெள்ளிக் கணினி விக்கும்போது பக்கத்து வீட்டு பிஎஸ்5 வழுக்கிக்கொண்டு போனால் வயிறு எரியத்தான் செய்யும்.

மைக்ரோ ஜீனியஸ் காலம்

இன்று நாற்பதைத் தாண்டிய அப்பாக்களுக்கு மைக்ரோ ஜீனியஸை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. 90களின் தொடக்கத்தில், படம் வராவிட்டால் கேட்ரிட்ஜை வெளியே எடுத்து வாயால் ஊதி மறுபடி செருகிய தலைமுறை அது. அந்தப் பெட்டி, நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாமின் நகல். ஃபேமிகாம் என்பது 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்பதன் சுருக்கம். பெயரிலேயே கணினி! அதன் செயலி 6502 என்ற வகையைச் சேர்ந்தது, வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியிலும் அதே 6502தான். வேலை செய்ய ஃபேமிகாமுக்கு இருந்த ரேம் வெறும் 2 கிலோபைட்.

அப்படியிருந்தும் மாரியோ ஓடும்போது திரை வழுக்கியது. அலுவலகக் கணினியால் அது முடியவில்லை. காரணம், படம் வரைவதற்கென்றே ஃபேமிகாமில் தனிச் சில்லு. படத்தைச் சிறு சிறு ஓடுகளாக வைத்துக்கொண்டு, திரையை நகர்த்த ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். கணினியோ ஒவ்வொரு புள்ளியையும் திரும்ப வரைய வேண்டும். 1990இல் அமெரிக்காவில் ஜான் கார்மாக் என்ற இளைஞர் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்து, மாரியோ போல வழுக்கும் விளையாட்டைச் சாதாரணக் கணினியில் ஓட்டிக் காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் கமாண்டர் கீன். பிறகு டூம் செய்த கூட்டமும் அதுதான். அதாவது, அலுவலகக் கணினி அந்த ஒரு விஷயத்தில் பொம்மையை எட்டிப்பிடிக்க ஏழு ஆண்டு ஆனது.

அதற்குப் பிறகு தராசு மாறி மாறிச் சாய்ந்தது. 2000இல் பிளேஸ்டேஷன் 2 வந்தபோது அதன் கணக்கிடும் திறனை ஏவுகணைக்குப் பயன்படுத்திவிடுவார்களோ என்று ஜப்பான் அரசு அதை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2001இல் மைக்ரோசாஃப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸைக் கொண்டுவந்தது: இன்டெல்லின் 733 மெகாஹெர்ட்ஸ் செயலி, 64 மெகாபைட் ரேம், 8 ஜிகாபைட் ஹார்டு டிஸ்க். கறுப்புச் சட்டை போட்ட மேசைக்கணினி என்பதைத் தவிர வேறு சொல்ல ஒன்றுமில்லை.

சோனி மட்டும் தனி வழி போனது. 2006இல் வந்த பிஎஸ்3க்கென்று தோஷிபா, ஐ.பி.எம். ஆகியவற்றோடு சேர்ந்து 'செல்' என்ற செயலியைச் செய்தார்கள். ஒரு தலைமைக் கரு, அதற்கு வேலையாட்களாகச் சின்னச் சின்னக் கருக்கள். கணக்கில் புலி, பழக்குவதில் பெரும்பாடு. விளையாட்டு எழுதுபவர்கள் நொந்துபோனார்கள், அறிவியலாளர்கள் மகிழ்ந்துபோனார்கள். பிஎஸ்3இல் அப்போது லினக்ஸையும் நிறுவ முடிந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக்கூடம் 1,700க்கும் மேற்பட்ட பிஎஸ்3 பெட்டிகளை வாங்கிக் கோத்து 2010இல் ஒரு மீத்திறன் கணினியையே கட்டியது. அதே திறனைச் சந்தையில் வேறு வழியில் வாங்குவதைவிட விளையாட்டுப் பெட்டி அவர்களுக்கு மலிவாக இருந்தது! ஏன் மலிவு என்பதற்குப் பின்னால் வருகிறேன். அந்த ஆண்டிலேயே சோனி மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றின் மூலம் லினக்ஸ் வசதியை நீக்கிவிட்டது.

2013இல் பிஎஸ்4 வந்தபோது சோனியும் தனி வழியை விட்டுவிட்டது. ஏ.எம்.டி.யின் 8 கருச் செயலி, 8 ஜிகாபைட் பொது ரேம். அன்றிலிருந்து கன்சோலுக்கும் கணினிக்கும் ஒரே பரம்பரை. நிண்டெண்டோ மட்டும் வேறு தெருவில் நடக்கிறது. 2017இன் சுவிட்ச், 2025இன் சுவிட்ச் 2 இரண்டிலும் இருப்பது கைப்பேசி இனத்தைச் சேர்ந்த என்விடியா சில்லு. ஆற்றலில் பின்தங்கியிருந்தாலும் மாரியோவும் ஸெல்டாவும் வேறெங்கும் கிடைக்காதவரை அவர்களுக்குக் கவலையில்லை.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் திறந்தது பினாங்கில். ஏ.எம்.டி.யும் அதே ஆண்டில் அங்கே வந்தது. அந்த ஆலை 2016 முதல் சீன நிறுவனம் ஒன்றுடனான கூட்டு முயற்சியாக, ஏ.எம்.டி. சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையைச் செய்துவருகிறது. காஜாங்குக்குப் பக்கத்திலேயே, பாங்கியில், சோனியின் தொலைக்காட்சித் தொழிற்சாலை. நம் பிள்ளை பிஎஸ்5ஐச் செருகுகிற தொலைக்காட்சி அங்கிருந்து வந்திருக்கவும் கூடும்.

பொம்மைக்குக் கழிவு இல்லை

உள்ளே இருப்பது ஒன்றுதான் என்றாலும் வருமான வரி வாரியம் அப்படிப் பார்ப்பதில்லை. 'கயா ஹிடுப்' எனப்படும் வாழ்க்கை முறைக் கழிவில் 2,500 வெள்ளி வரை கழித்துக்கொள்ளலாம். அதில் சொந்தக் கணினி, திறன்பேசி, டேப்லெட் மூன்றும் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. தனக்கு, துணைவிக்கு, பிள்ளைக்கு என்று யாருக்கு வாங்கினாலும் செல்லும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. விளையாட்டுக் கன்சோல் அந்தப் பட்டியலில் இல்லை.

இது எவ்வளவு காசு? வரிக்குரிய வருமானம் 50,000 வெள்ளியைத் தாண்டி 70,000க்குள் இருந்தால் அந்தப் படியில் வரி 11 விழுக்காடு. 2,500 வெள்ளிக் கழிவு முழுமையாகக் கிடைத்தால் 275 வெள்ளி மிச்சம். 35,000க்கும் 50,000க்கும் இடைப்பட்டவர்களுக்கு 6 விழுக்காடு, 150 வெள்ளி. ஆனால் வீட்டு இணையக் கட்டணம், புத்தகம், கைப்பேசி எல்லாம் அதே 2,500க்குள்தான். இணையத்துக்கு மாதம் நூற்றுச் சொச்சம் கட்டுபவருக்குப் பாதிக் கழிவு அதிலேயே போய்விடும். கடைக்காரர் "டேக்ஸ் கழிச்சுக்கலாம் பாஸ்" என்று சொல்லும்போது இதையும் மனத்தில் வையுங்கள்.

பொம்மையா கணினியா என்ற வழக்கு நம் ஊரில் மட்டுமல்ல. ஐரோப்பாவில் பிஎஸ்2க்கு விளையாட்டுச் சாதனம் என்று சுங்க வரி போட்டார்கள். கணினிக்கு வரி இல்லை. சோனி என்ன செய்தது தெரியுமா? ஐரோப்பாவில் விற்ற பிஎஸ்2 உடன், நிரல் எழுதும் 'யாபேசிக்' என்ற சிறு மென்பொருளையும் வட்டில் போட்டுக் கொடுத்தது. இதில் நிரல் எழுதலாம், ஆகவே இது கணினிதான் என்பது வாதம். வழக்கு நீதிமன்றம் வரை போய், 2003இல் ஐரோப்பிய ஆணையத்தின் வகைப்பாட்டை நீதிமன்றம் ரத்துச் செய்தது. அந்த யாபேசிக்கில் உருப்படியாக எதையாவது எழுதியவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மிச்சக் காசை யார் கொடுக்கிறார்கள்?

பிஎஸ்5 வந்தபோது அமெரிக்காவில் வட்டுள்ள வகைக்கு 499 டாலர். மேலே சொன்ன ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு மட்டுமே 299 டாலர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் 200 டாலரில் செயலி, மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, பெட்டி, விண்டோஸ், கைப்பிடி எல்லாம் வாங்க முடியுமா? முடியாது. சோனிக்கு மட்டும் எப்படி முடிந்தது? கோடிக்கணக்கில் ஒரே சரக்கை வாங்குவது ஒரு காரணம். பெட்டியில் லாபம் பார்க்காமல், விளையாட்டில் பார்ப்பது இன்னொரு காரணம். 2021இல் அமெரிக்காவில் எபிக், ஆப்பிள் இரண்டுக்கும் நடந்த வழக்கில், எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் நாங்கள் ஒருநாளும் லாபம் பார்த்ததில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி சாட்சியம் சொன்னார். விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் 30 விழுக்காடு அவர்கள் பங்கு. மீன் பிடிக்கத் தூண்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் புழுவை விற்பது மாதிரி.

நம் நாட்டில் ஒரு காலத்தில் இந்தக் கணக்கே தலைகீழாக இருந்தது. பிஎஸ்2இல் சில்லு வைத்துக் கொடுப்பார்கள். இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு வட்டு. பெட்டியும் மலிவு, விளையாட்டும் மலிவு, தூண்டில்காரருக்குத்தான் நட்டம். வட்டுத் திருட்டை அடக்க 2000இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றைய கன்சோல்களில் அந்த வித்தை நடக்காது. புழுவுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் காசைக் கணக்கில் சேர்த்தால் விலைப் பட்டியல் மாறுகிறது. 2020 முதல் கன்சோலின் பெரிய விளையாட்டுகளுக்கு அமெரிக்க விலை 69.99 டாலர். நண்பர்களோடு இணையத்தில் விளையாட பிஎஸ் பிளஸ் சந்தா தனி. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச விளையாட்டுகளுக்கு மட்டும் அது தேவையில்லை. கணினியில் அந்தச் சந்தா இல்லை. ஸ்டீம் கடையில் விலை வெள்ளியிலேயே இருக்கிறது; ஆண்டு நடுவிலும் இறுதியிலும் தள்ளுபடி கொட்டும். எபிக் கடை வாரந்தோறும் ஏதாவது ஒன்றை இலவசமாகவே கொடுக்கிறது. ஆண்டுக்கு நாலைந்து புது விளையாட்டு வாங்கும் பிள்ளை என்றால், நான்கைந்து ஆண்டில் கணினிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஆண்டு முழுவதும் ஒரே ஒரு கால்பந்து விளையாட்டை உருட்டுகிற பிள்ளை என்றால் திரும்பாது.

கன்சோல் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வட்டு வாங்கினால் முடித்த பிறகு முடாவிலோ கரூசெலிலோ விற்றுவிடலாம்; தம்பி முறைப் பையனுக்குக் கொடுக்கலாம். கணினி விளையாட்டை விற்க முடியாது. அதனால்தான் வட்டு இல்லாத மலிவு வகைக் கன்சோலை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. முதல் நாள் மிச்சமாகும் சில நூறு வெள்ளிக்காக, விற்கவும் இரவல் வாங்கவும் உள்ள உரிமையைக் கொடுத்துவிடுகிறோம்.

காத்திருந்தால் விலை இறங்குமா? முன்பெல்லாம் இறங்கியது. 299 டாலருக்கு வந்த பிஎஸ்2, 2009இல் 99 டாலர். இந்தத் தலைமுறையில் நடப்பது எதிர்மாறு. ஐந்து வயதான பிஎஸ்5க்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 50 டாலர் கூடிற்று. கணினிப் பக்கமும் நிம்மதியில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. வீட்டுப் பயனாளர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வணிகத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. ஜொகூரில் எழும்பும் தரவு மையங்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். பையனின் ரேம் விலையிலும் அவற்றைப் போன்றவற்றின் கைவரிசை இருக்கிறது.

சரி, படிப்பு?

மகன் சொன்ன "படிச்ச மாதிரியும் ஆச்சு" என்பதை நக்கலாகத் தள்ளிவிட முடியாது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, அம்மாவின் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைபோட்டு வகுப்புக்குப் பயன்படுத்திய வீடுகளை நாம் எல்லாரும் அறிவோம். அன்று வீட்டில் ஒரு பிஎஸ்4 இருந்திருந்தாலும் அது கணினிக்கு ஈடாகியிருக்காது. பிஎஸ்5இலும் கட்டுரை தட்டச்சு செய்ய முடியாது, கூகுள் கிளாஸ்ரூமில் வேலை ஒப்படைக்க முடியாது. ஸென் 2 செயலி உள்ளே இருந்தும் அந்தக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. விளையாட்டைச் செய்ய விரும்பும் பிள்ளைக்குக் கணினிதான் பட்டறை. கோடோ, பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் முற்றிலும் இலவசம். சோனி, தென்கிழக்காசியாவில் தன் முதல் விளையாட்டு உருவாக்கக் கூடத்தை 2020இல் கோலாலம்பூரில்தான் அமைத்தது. உலகப் புகழ்பெற்ற விளையாட்டுகளுக்குக் கலைவேலை செய்துகொடுக்கும் லெமன் ஸ்கை, 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' செய்த மெட்ரோநோமிக் போன்ற உள்ளூர் நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே செய்யப்படுகிற பிளேஸ்டேஷன் விளையாட்டும் கணினியில்தான் செய்யப்படுகிறது. எஸ்.பி.எம். முடித்து யூனிடென், யூ.கே.எம்., செமினி நாட்டிங்ஹாம் என்று எங்கே போனாலும் கணினி கூடவே போகும்.

எனவே என் கருத்து இது. வீட்டில் ஒரு நல்ல கணினிகூட இல்லை, பிள்ளை படிவம் 4ஐ நெருங்குகிறான் அல்லது நெருங்குகிறாள் என்றால், பேச்சுக்கே இடமில்லை, கணினிதான். வீட்டில் ஏற்கெனவே படிப்புக்குப் போதுமான மடிக்கணினி இருந்து, கேட்பது விளையாட மட்டுமே என்றால், கன்சோல் வாங்குங்கள்; மலிவு, தொல்லை குறைவு, வரவேற்பறையில் எல்லார் கண்முன்னும் இருக்கும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விடிய விடிய உட்காரும் வாய்ப்பு குறைவு என்பதை அம்மாக்கள் ஒரு தொழில்நுட்ப அம்சமாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழியும் உண்டு, பலர் யோசிப்பதில்லை. அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட பழைய கணினிகள் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றன. பாடத்துக்கு அது தாராளம். விளையாட்டுக்குக் கன்சோல். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு புதிய கேமிங் கணினியின் விலை வராது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். அதைவிடப் பழையதை 'ரொம்ப மலிவு' என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

கேமிங் மடிக்கணினி வாங்குவதாக இருந்தால் கார்டின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 'ஆர்டிஎக்ஸ் 4060' என்று ஒட்டியிருந்தாலும் மடிக்கணினியில் அது 35 வாட்டிலும் ஓடலாம், 115 வாட்டிலும் ஓடலாம். மெலிந்த அழகான மடிக்கணினி பெரும்பாலும் குறைந்த வாட்டில் ஓடும். ஒரே பெயர், வேகத்தில் பெரிய இடைவெளி. கடையில் வாட்டைக் கேளுங்கள். தெரியாது என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் கார்டைப் பின்னால் மாற்றவும் முடியாது. மேசைக்கணினியில் நான்கு ஆண்டு கழித்துக் கார்டை மட்டும் மாற்றி ஆயுளை நீட்டிக்கலாம்.

அடுத்த கடைக்கு நடப்பது நமக்குச் சிரமமில்லை. காஜாங்கில் எம்.ஆர்.டி. ஏறினால் மாறாமல் புக்கிட் பிந்தாங்கில் இறங்கி, சில நிமிடத்தில் லோ யாட்டுக்குள் போய்விடலாம். மாடி மாடியாக விலையைக் கேளுங்கள். மேசைக்கணினிக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் பவர் சப்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; '650 வாட்' என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கேதான் வெட்டியிருக்கிறார்கள். ரேம் 16 ஜிகாபைட்டுக்குக் குறையக்கூடாது. திரை, விசைப்பலகை, மௌஸ் மூன்றும் அந்த நாலாயிரத்தில் அடக்கமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் மகனிடம் கேளுங்கள்.

மின்கட்டணத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். பிஎஸ்5 விளையாடும்போது சுமார் 200 வாட். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 12 அலகு. 2025 நடுப்பகுதிவரை இருந்த பழைய கட்டணத்தில் முதல் 200 அலகுக்கு ஓர் அலகு 21.8 காசு; அந்தக் கணக்கில் மூன்று வெள்ளிகூட வராது. கேமிங் கணினி அதைப்போல இருமடங்கு இழுத்தாலும், அந்த அறையில் ஓடும் குளிர்சாதனம்தான் பில்லை ஏற்றும்.

கவலைப்பட வேண்டியது இடியைப் பற்றி. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே அதிகம் இடிமின்னல் காணும் வட்டாரங்களில் ஒன்று. பிற்பகல் மழைக்கு வானம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். இணைய மோடத்தின் கம்பியையும் சேர்த்து. மின்னழுத்தத் தடுப்புப் பலகை ஒன்றைப் பெட்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கணினி வாங்கிய ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தாளின் எழுத்து ஓராண்டில் மங்கிவிடும், வரி வாரியமோ ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது.